வள்ளத்துக்குப் போறவை முன்னுக்கு

தீவுப்பகுதியில் கள்ளரைப் பிடிக்கப் பொலிஸ் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் ஏறாத களவுகளைப் பிடிக்க ஒரே ஒரு ஆள்தான்: ‘ஒண்டு காணும்’ அக்கா. காணும் என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். ஊர்காவற்றுறையில் அந்தச் சுப்பர்மார்க்கெற் திறந்த நாளிலிருந்து, அடுத்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “ஒண்டு காணும்தானே மோனை?” என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். சொந்தப் பெயரைக் கேட்கும் துணிவு ஒருவருக்கும் இருக்கவில்லை.

அக்கா அனலைதீவுக்காரி. வயது அறுபதுக்கு மேல். கிழமைக்கு ஒருமுறை வள்ளத்தில் வருவார். ஒரு சவுக்காரம், ஒரு தேயிலைப் பைக்கற், ஒரு நெருப்புப்பெட்டி. அதற்கு ஐந்து நிமிடம் காணும். மிச்ச இரண்டு மணித்தியாலமும் எங்களைத் திருத்துவதற்கு. பண்டிகை வந்தால் மூன்று நாள் அடுத்தடுத்து வருவார். அவரைக் கண்டால் கடையில் வேலை செய்பவர்களே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் அரிசி எண்ணத் தொடங்குவார்கள்.

ஒருமுறை ஒரு மனிதர் முந்திரிகைப் பழத்தை, அதுதான் திராட்சையை, ‘ருசி பார்த்து’க்கொண்டு நின்றார். கறுப்பில் பத்து, பச்சையில் பத்து, பிறகு சந்தேகம் வந்து திரும்பவும் கறுப்பில் பத்து. அக்கா தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“சாப்பாடு முடிஞ்சுதோ தம்பி? இந்தாரும், கையைக் கழுவும். வெத்திலை போடாமப் போகப்படாது.”

அந்த மனிதர் அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டுதான் பழத்தட்டைக் கடந்து போவார் என்று கேள்வி.

இன்னொரு நாள் யாரோ ஒருவர் உறைந்த கோழி ஒன்றை எடுத்து, மனம் மாறி, கற்பூரமும் சாம்பிராணியும் அடுக்கியிருந்த தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குளிர்ப்பெட்டி பத்தடி தூரம். பத்தடி நடக்கப் பஞ்சி, சோம்பல். அக்கா அதைக் கண்டார். கோவில் திருவிழாவில் காணாமற்போன பிள்ளையை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களே, அதே குரலில், ஒலிபெருக்கி இல்லாமலே தொடங்கினார்:

“கோழி ஒண்டு சாம்பிராணிக்குப் பக்கத்தில தனிய நிக்குது! நல்லா வேர்த்துப் போய் நிக்குது! கூட்டிக்கொண்டு வந்தவை உடனடியா வந்து கூட்டிக்கொண்டு போங்கோ!”

ஒருவரும் வரவில்லை. ஆனால் மூன்று பேர் தங்கள் கூடைகளிலிருந்து எதையோ எடுத்து, எடுத்த இடத்திலேயே வைக்க விரைந்ததை நான் கண்டேன். அந்த மூவரில் ஒருவர் நான்.

என் திறமையையும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு முன்னர் நல்ல சாமான் முடிந்துவிடும் என்ற பயத்தில், கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, பைக்கற் நாலைந்தைச் சவுக்காரப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, சம்பளத்தன்று வந்து எடுப்பது என் வழக்கம். ஒரு முறை கையை விட்டுத் துழாவினேன். கஜு இல்லை. நிமிர்ந்தால் அக்கா நிற்கிறார்.

“நான்தான் எடுத்து உரிய இடத்தில வைச்சனான். ஒளிச்சு வைக்க உதென்ன உம்மட வீட்டு அலுமாரியோ?”

“இல்லையக்கா, சும்மா... பாதுகாப்புக்கு...”

“ஆரிட்டை இருந்து பாதுகாப்பு?”

யோசித்துப் பார்த்தேன். மற்றச் சனத்திடமிருந்துதான். 

தன்னுடைய விஷயத்திலும் அவர் அப்படித்தான். ஒரு நாள் பில் போடும் பிள்ளை நெருப்புப்பெட்டியைப் பில்லில் சேர்க்காமல் விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்த்தான் அக்கா கண்டுபிடித்தார். அடுத்த நாளே கடல் கடந்து வந்து நெருப்புப்பெட்டியை மேசையில் வைத்தார். மனேச்சருக்குச் சிரிப்பு.

“இதுக்கோ அக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? பரவாயில்லை.”

“உமக்குப் பரவாயில்லை. காசு குடுக்காத பெட்டியைத் தொடாமல் எனக்கு ராத்திரி பக்கத்து வீட்டிலை நெருப்பு வாங்கியெல்லோ அடுப்பு மூட்ட வேண்டிக் கிடந்தது!”

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் பாதை இல்லை, வள்ளம்தான். கடைசி வள்ளத்தை விட்டால் அன்றைக்கு வீடு இல்லை. ஆகவே பண்டிகைக்கு முதல் நாள், காசு கட்டும் வரிசை வாசல்வரை நீளும்போது, யாராவது “வள்ளம்” என்று சொன்னால் போதும். எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள். இதை எந்தப் பலகையிலும் எழுதிப் போடவில்லை. ஒருவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஒரு சொல்லை நம்பி முப்பது பேர் விலகி நிற்கிற வழக்கம் அது. அந்த வழக்கத்துக்கு வாயிற்காவல் அக்கா. தான் காசு கட்டி முடித்தாலும் போகமாட்டார்; தன்னூர்ச் சனம் கடைசி ஆள்வரை வெளியே வந்த பிறகுதான் இறங்குதுறைக்குப் போவார்.

சில வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முதல் நாள். கடையில் நிற்க இடமில்லை. அன்றைக்கு ‘வள்ளம்’ கொஞ்சம் கூடிப்போயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த மனேச்சர் பொறுமை இழந்து கதிரையில் ஏறி நின்று அறிவித்தாராம்: “இனி ஒரு பொய் வள்ளம் பிடிபட்டாலும் இந்தப் பழக்கம் இண்டையோட சரி! எல்லாருக்கும் ஒரே லைன்!”

‘அறிவித்தாராம்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரம் நான் கடைக் கோடியில் பொங்கலுக்குப் போடும் பிளம்ஸ், அதுதான் காய்ந்த திராட்சை, தேடிக்கொண்டு நின்றேன். வீட்டிலிருந்து மனைவி மூன்றாவது தடவையும் ஃபோன் எடுத்திருந்தார். எங்கள் நாரந்தனை வீடு அதே தீவில், மோட்டச்சைக்கிளில் கொஞ்சத் தூரம். விடியச் சூரியனுக்கு முதல் பானை வைக்க வேண்டும். சர்க்கரை, பயறு, கஜு எல்லாம் என் கையில். வரிசையைப் பார்த்தேன். அது தைப்பூசத்துக்குத்தான் முடியும் போலிருந்தது. வாயில் வந்துவிட்டது:

“வள்ளம்!”

சனம் விலகியது. நான் நேரே மேசைக்குப் போனேன். அங்கேதான் என் அயல்வீட்டுச் சிவராசா, இருபது பேருக்குப் பின்னால் நின்றபடி, கடை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

“வள்ளத்துக்கு ஹெல்மெற் போட்டுக்கொண்டு போறவரை இண்டைக்குத்தான் காணுறன்!”

தலையைத் தடவினேன். ஹெல்மெற்றைக் கழற்ற மறந்துவிட்டேன்.

“இவர் நாரந்தனையார்! என்ர பக்கத்து வீடு! மோட்டச்சைக்கிள் வெளியில நிக்குது!”

கடை முழுக்க என் தலையைத் திரும்பிப் பார்த்தது. மனேச்சர் வந்தார். என்னைப் பார்த்தார், ஹெல்மெற்றைப் பார்த்தார். “அப்ப சரி. இனி வள்ளம் கிள்ளம் ஒண்டும் இல்லை. எல்லாரும் பின்னுக்குப் போய் நில்லுங்கோ” என்றார். எனக்குப் பின்னால் எழுவைதீவுப் பெண் ஒருவர், இடுப்பில் குழந்தையும் கையில் கரும்பும் சர்க்கரைப் பையுமாக நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் அக்கா வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உறைந்த கோழியைப் பார்த்த அதே பார்வை. பிறகு மனேச்சரிடம் திரும்பினார்.

“இவர் பொய் சொல்லேல்லை. இவர் என்ர தம்பி. பொங்கலுக்கு எங்கட வீட்டை வாறார்.”

சிவராசா விடவில்லை. “இவருக்குத் தமக்கை ஒருத்தரும் இல்லையே!”

“உமக்கெப்பிடித் தெரியும்? எங்கட வீட்டுப் பிள்ளையளுக்கு நீரோ சாதகம் எழுதினனீர்?”

அக்காவைப் பொய்க்காரி என்று சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை. நெருப்புப்பெட்டிக்காகக் கடல் கடந்தவர் அல்லவா? மனேச்சர் முகத்தைத் தடவிக்கொண்டு, “சரி, வள்ளத்துக்குப் போறவை முன்னுக்கு வாங்கோ” என்றார். எழுவைதீவுப் பெண் காசு கட்டிவிட்டு ஓடினார்.

வெளியே வந்து, “பெரிய உபகாரம் அக்கா” என்று சொல்லி மோட்டச்சைக்கிளில் ஏறினேன். அக்கா சாவித் துளையிலிருந்து திறப்பைப் பிடுங்கிவிட்டார்.

“எங்கை போறீர்?”

“வீட்டை அக்கா.”

“நான் அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ன சொன்னனான்?”

“அது... என்னைக் காப்பாத்த ஒரு பொய்...”

“நீர் வள்ளம் ஏறாட்டித்தான் அது பொய். ஏறினா உண்மை. ஏறும்.”

“அக்கா, நாளைக்குப் பொங்கல்! மனிசி பாத்துக்கொண்டு இருப்பா!”

அக்காவின் குரல் முதன்முதலாகத் தணிந்தது. “தம்பி, உமக்காகச் சொல்லேல்லை. நான் சொல்லாட்டி அந்த எழுவைதீவுப் பிள்ளை வள்ளத்தை விட்டிருக்கும். இந்தக் கடையில நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்லிப்போட்டு, நாளைக்கு என்ன முகத்தோட இன்னொருத்தற்றை கூடையைப் பாக்கிறது?”

கண்ணாடிக்கு அப்பால் சிவராசா வரிசையில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குதுறையில் கூப்பிட்டார்கள். நான் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன்.

“இஞ்சாரும், நான் அனலைதீவுக்குப் போறன்.”

“என்னத்துக்கு?”

“தமக்கையிட்டை.”

“குடிச்சிருக்கிறியளோ?”

வள்ளத்தில் பாதுகாப்பு அங்கி தந்தார்கள். ஹெல்மெற் வைக்க இடமில்லாததால் அதைத் தலையிலேயே போட்டுக்கொண்டேன். இதைவிடப் பாதுகாப்பாக அந்தக் கடலை ஒருவரும் கடந்திருக்கமாட்டார்கள். ஏறிய ஒவ்வொருவரிடமும் அக்கா, “என்ர தம்பி” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், “முகச்சாடை ஒண்டுதான்” என்றார்.

அக்காவின் கணவர், மனைவியிடம் கேள்வி கேட்பதை விட்டுப் பல காலமான மனிதர். வாசலில் ஹெல்மெற்றோடு என்னைக் கண்டவர், “வாரும், தேத்தண்ணி குடியும்” என்றார். அவ்வளவுதான். பொழுதுபடப் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துச் சீட்டுக்கட்டை எடுத்துக் கடதாசி விளையாடினோம். மூன்றாவது ஆட்டத்தில் அக்கா ஒரு துரும்புச் சீட்டைச் சேலைக்குள் ஒளிப்பதை நான் கண்ணால் கண்டேன்.

“அக்கா! ஒளிக்கிறது பிழையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது கடை. அங்கை ஒளிச்சா முகம் தெரியாத ஒருத்தருக்கு இல்லாமப் போகும். இது விளையாட்டு. உமக்குக் கண் இருக்குத்தானே, பிடியும்!”

அந்த வசனத்தை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கோவிலில் அன்னதானத்துக்கு மூட்டை அரிசி கொடுப்பவன்தான், கடையில் கடைசிப் பைக்கற்றைக் கண்டதும் முழங்கையை விரிக்கிறான். கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்க நமக்குத் தெரியும். நமக்குப் பின்னால் வரப்போகிற, நாம் காணவே போகாத ஒருவருக்கு ஒன்றை விட்டு வைக்கத்தான் தெரியவில்லை. இதை நான் எழுதுவது அழகில்லை; சவுக்காரப் பெட்டிக்குப் பின்னால் இப்போதும் என் கைரேகை இருக்கும்.

விடிய முற்றத்தில் பால் பொங்கியது. கணவர் அரிசி போட்டார். அக்கா போட்டார். பிறகு சுளகை என் பக்கம் நீட்டினார். நான் தயங்கினேன். வீட்டு ஆட்கள் போடுகிற அரிசி அல்லவா?

“போடும். சொன்னது சொன்னதுதான்.”

போட்டேன். கொஞ்ச அரிசி பானைக்கு வெளியே விழுந்தது. கடற்காற்றாக இருக்கும்.

காலை வள்ளத்தில் திரும்பினேன். எங்கள் வீட்டில் அந்த வருடம் சூரியன் ஒன்பதரைக்குத்தான் உதித்தது. மனைவி கோபத்தோடு, அக்கா கட்டித் தந்த பொங்கலைத் திறந்து ஒரு வாய் வைத்தார். முகம் இளகியது. “நல்லாத்தான் கிடக்கு. ஆனா முழுக்கத் தேடியும் ஒரு கஜுதானப்பா கிடக்கு!”

அதற்குப் பிறகு நான் பண்டிகை வரிசையில் வாயே திறப்பதில்லை. கடைசியில் போய் நிற்பேன், ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி. அக்கா தூரத்திலிருந்து என் கூடையைப் பார்ப்பார். ஒரு கஜு. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார்.

இந்த வருடம் அவர் வரவில்லை. முழங்கால் மடிக்க ஏலாது, வள்ளத்தில் ஏற ஏலாது என்று ஃபோனில் சொன்னார். ஒரு சர்க்கரை, ஒரு கஜு, ஒரு நெருப்புப்பெட்டி தேவையாம். “வள்ளத்தில வாற ஆரிட்டையும் குடுத்து விடும், காணும்” என்றார்.

பொங்கலுக்கு முதல் நாள், மனைவி பானையோடு இறங்குதுறையில் காத்து நிற்க, நான் வரிசைக்கு வந்தேன். கோழி தனிய நிற்கிறது என்று கத்த ஆள் இல்லாமல் கடை ஒரு மாதிரியாக இருந்தது. நேரமும் போய்க்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “வள்ளம்” என்றேன். சனம் விலகியது. சிவராசா மட்டும் விலகவில்லை. இம்முறை எனக்கு நேர் முன்னால் நின்றார்.

“என்ன, பழையபடி தொடங்கீட்டீரோ? நாரந்தனைக்கு எப்ப வள்ளம் விட்டவை?”

“நாரந்தனைக்கு இல்லை. தமக்கையிட்டைப் போறன்.”

“உமக்குத்தான் தமக்கை இல்லையே!”

“இருக்கிறா” என்றேன்.