எந்த அண்ணன் திரும்புவார்?

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கத்தான் இம்புட்டுப் படிப்பா பாப்பா?" என்று கேட்டார் செல்வம் அண்ணன். கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் எங்கள் பட்டறையின் சூப்பர்வைசர். அன்று ஆயுத பூஜை. நான் புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். (அந்தப் பெருமையில் கால் தரையில் பாவாது.)

சாம்பிராணிப் புகையில் இயந்திரங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள்போல் தூங்கின. எனக்கும் கண் சொக்கியது. அதுகளுக்கெல்லாம் புது எண்ணெய், என் கம்ப்யூட்டருக்கு வெறும் பொட்டா?

அதில் நிரல் எழுத உதவும் பைத்தான் மொழியின் பழைய பதிப்பும், நான் பழகுவதற்காகப் போட்ட புதிய பதிப்பும் இருந்தன. பட்டறையில் "அண்ணே" என்றால் பாதிப் பேர் திரும்புவார்கள். கம்ப்யூட்டரில் "பைத்தான்" என்றால் ஒருவர்தான் திரும்புவார். யார் என்று நாம் சொல்லிவைக்க வேண்டும். அதுதான் டீஃபால்ட். இனிமேல் புதியவர் திரும்பட்டும் என்று ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, கனவில் நடப்பவள்போல் பொரி தின்னப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துக்குள் முதல் பாக்கெட்டில் லேபிள் ஒட்டி முதலாளியம்மா கையில் கொடுப்பது வழக்கம். இயந்திரம் ஓடியது, வாஷர் விழுந்தது. எல்லோரும் என் மேஜையைச் சூழ்ந்தார்கள். லேபிள் மட்டும் வரவில்லை.

"திருஷ்டிதான். தேங்காய உடைங்கப்பா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

உடைத்தார்கள். (வரவில்லை.) கற்பூரம் காட்டினார்கள். (கம்ப்யூட்டர் அசரவில்லை.)

"ஆரம்பமே இப்படின்னா, இந்தப் புள்ளைய வச்சு எப்படி ஓட்டுறது?" என்று முதலாளியம்மா முணுமுணுத்தது, இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். திரையில் கற்பூரச் சுடர் மிதந்தது. நானும் அதோடு எங்கோ மிதந்தேன்.

அப்போது வாசலில் லாரி டிரைவர் "அண்ணே!" என்று கத்தினார். பாதித் தலைகள் திரும்பின.

எனக்கு உறைத்தது. லேபிள் அடிக்கும் நிரல் பழைய பைத்தானுக்காக எழுதியது. அது கூப்பிட்டபோது புதியவர் திரும்பி, ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறார்! பழையவரை மறுபடி டீஃபால்ட் ஆக்கினேன். லேபிள் சரசரவென்று வந்தது.

"என்ன பாப்பா செஞ்ச?"

"அண்ணனை மாத்துனேன், அண்ணே."

தன்னைத்தான் மாற்றிவிட்டேனோ என்பதுபோல் செல்வம் அண்ணன் தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸி மக்கர் செய்தால், "அண்ணனை மாத்திப் பாருடி" என்பார் அம்மா.

போன வாரம் அந்த நிரலைப் புதிய பைத்தானுக்கு நானே திருத்தி எழுதினேன். முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பிறகு, நல்ல நேரம் பார்க்காமல், செல்வம் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு டீஃபால்ட்டை மாற்றினேன். லேபிள் வந்தது. அவர் சாமி படத்தடியிலிருந்து குங்குமம் எடுத்து வந்து, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார்.