நீலக் கதவில் ஒரு கோடு

"என்னங்க, காரைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள். சின்ன மாப்பிள்ளை கதவருகே குனிந்தார். மாமனாருடைய அடர்நீலக் காரின் முன்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு ஓடியது.

"கீறல்," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"என்னது?"

"கீறல்டி, கீறல்!"

இந்தத் தடவை அடுத்த தெருவுக்கே கேட்டது.

அந்தக் குடும்பத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. உடைசல். கல்யாணமான புதிதில் மாமனாரின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் மாமியார் ஆசையாக வைத்திருந்த பூச்சாடியைத் தூக்கி, "நல்ல கனம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கீழே போட்டார். அதிலிருந்து எங்கே எது உடைந்தாலும், தான் அந்தப் பக்கமே போகாவிட்டாலும், "நான்தான் போல" என்று முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

பெரிய மாப்பிள்ளை அப்படி இல்லை. போன வருஷம் மாமனார் ஊருக்குப் போனபோது காரை அவர் வீட்டில்தான் விட்டுப்போனார். திரும்பி வந்து பார்த்தால் கார் முகம் பார்க்கிற கண்ணாடி போல் இருந்ததாம். "பெரிய மாப்பிள்ளைகிட்ட ஒரு பொருளைக் கொடுத்தா..." என்று மாமனார் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தட்டில் சோறு காய்ந்துவிடும். கேட்டுக் கேட்டுச் சின்ன மாப்பிள்ளைக்குக் காது புளித்துவிட்டது.

இந்த வருஷம்தான் அதிசயம் நடந்தது. "எங்க தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்க மாப்பிள்ளை. நான் வர்ற வரைக்கும் கார் உங்க வாசல்ல நிக்கட்டும்" என்று, முந்தாநாள் இருட்டிய பிறகு வந்து, மாமனாரே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சின்ன மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. உடைசல் என்ற பெயரை அழிக்க இதை விட்டால் வேறு வழி கிடையாது. இன்று சாயங்காலம் மாமனார் திரும்பி வருகிறார். வந்து பார்த்தால் கதவில் கோடு!

"எப்படிங்க ஆச்சு?" மனைவி இறங்கி வந்துவிட்டாள்.

"நேத்து இரும்பு ஏணியைத் தூக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் போனேன்."

"இடிச்சுதா?"

"இடிச்ச மாதிரி தெரியல. ஆனா தூக்கிட்டுப் போனது நானாச்சே. இடிக்காமலா இருந்திருக்கும்?"

அந்த நியாயத்தை அவளாலும் மறுக்க முடியவில்லை.

ஈரத்துணியால் துடைத்தார்கள். சோப்பு நுரை போட்டுத் துடைத்தார்கள். கோடு அசைந்து கொடுக்கவில்லை.

"அப்பா கண்ணுல படாம சமாளிச்சிடலாமா?"

"உங்கப்பாவா? முப்பது வருஷம் டயர்க்கடை நடத்துனவரு. தூரத்துல போற வண்டியைப் பாத்தே எந்தச் சக்கரத்துல காத்து கம்மின்னு சொல்லுவாரு. அவர் கண்ணுக்கா தப்பும்?"

சட்டையை மாட்டிக்கொண்டு கார்ச் சாமான் கடைக்கு ஓடினார்.

"ஆழமான கீறலா, மேலாப்புலயா? நகத்தை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நகத்தை எல்லாம் காலையிலயே கடிச்சு முடிச்சிட்டேங்க."

கடைக்காரர் அவர் விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். "இது தண்ணி வாக்ஸ். சீக்கிரம் போடலாம், சீக்கிரம் போயிடும். இது ஸ்பிரே. வேலை செய்யப் பிடிக்காதவங்களுக்கு. இது டப்பா வாக்ஸ். வெண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும், தோள்பட்டை கழண்டுடும். ஆனா பளபளப்பு மாசக்கணக்கா நிக்கும். எது வேணும்?"

"எதைப் போட்டா மாமனார் கண்டுபிடிக்க மாட்டாரு?"

கடைக்காரரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் டப்பாவை நகர்த்தினார். "நிழல்ல வச்சுப் போடுங்க. துளியூண்டு எடுத்து மெல்லிசாத் தடவுங்க. வெளுத்து வந்ததும் மெத்துன்னு ஒரு துணியால துடைச்சிடுங்க. அள்ளி அப்பினீங்கன்னா நான் பொறுப்பில்லை."

வீட்டுக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொன்னது சொன்னபடி கோட்டின் மேல் தடவினார். வெளுக்கும் வரை காத்திருந்தார். துடைத்தார்.

"போச்சு! போச்சு!"

மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "என்ன போச்சு? கதவா?"

"கோடு போச்சுடி! இருந்த இடமே தெரியல!"

சின்ன மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்பின் மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. அத்தோடு டப்பாவை மூடியிருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

மனைவி நாலடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க, துடைச்ச இடம் மட்டும் தனியாத் தெரியுதே."

தெரிந்தது. பழைய சட்டையில் புதுத்துணியை ஒட்டுப் போட்டது போல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு. 'இங்கேதான் ஏதோ நடந்தது' என்று அது ஊரைக் கூட்டிச் சொன்னது.

சரி, கதவு முழுக்கப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று போட்டார். இப்போது பின்கதவு வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது போலிருந்தது. அதற்கும் போட்டார். இடது பக்கம் அநாதையாகத் தெரிந்தது. அதையும் முடித்து நிமிர்ந்தபோது தோள்பட்டை கடைக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தது. மிச்சம் இருந்தது கூரை, டிக்கி, பானெட். அதற்குள் நிழலும் நகர்ந்து, பானெட் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாப்பிள்ளை, மத்தியான வண்டியே கிடைச்சிடுச்சு. பெரிய மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்திருக்காரு. நேரா அங்கதான் வர்றோம்."

"வாங்க மாமா, வாங்க!" என்று சிரித்தபடி சொல்லி, போனை வைத்ததும் டப்பாவில் கையை விட்டு அள்ளினார். பானெட், கூரை, டிக்கி எல்லாவற்றிலும் அப்பு அப்பென்று அப்பினார்.

கண்மூடித் திறப்பதற்குள் அது சுண்ணாம்பு அடித்த சுவராகக் காய்ந்துவிட்டது. துணியால் தேய்த்தால் துணிதான் தேய்ந்தது. கையில் கிடைத்த புதுத் துண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தார். துண்டின் நூலெல்லாம் வாக்ஸில் ஒட்டிக்கொண்டு காருக்கு நரைமுடி முளைத்தது.

"ஐயோ, அது என் துண்டு!"

"உன் துண்டா பெரிசு? என் தலையே போகப்போகுது!"

கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அள்ளி அப்பினீங்களா?"

"லேசா."

"வெயில்லயா?"

"லேசா."

கடைக்காரர் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது. "முதல்ல நிழல் பண்ணி வண்டியை ஆற விடுங்க. அப்புறம் அதே வாக்ஸை அது மேலயே மெல்லிசா இன்னொரு தடவை போடுங்க. அடியில இருக்கறது இளகும். காய விடாம உடனே துடைங்க."

மனைவி ஒரு கையில் குடையும் மறு கையில் போர்வையின் ஒரு முனையுமாக நின்றாள். இன்னொரு முனையை மாடிப்படிக் கம்பியில் கட்டினார்கள். அந்தக் கூடாரத்துக்குள் சின்ன மாப்பிள்ளை தடவினார், துடைத்தார், தடவினார், துடைத்தார். மெல்ல மெல்லச் சுண்ணாம்பு விலகி நீலம் எட்டிப் பார்த்தது. கடைசியில் முன்பக்கக் கறுப்பு பம்பரில் மட்டும் வெள்ளைத் தீற்றல்கள் போக மறுத்தன.

"இருங்க" என்று உள்ளே ஓடிய மனைவி ஒரு அழிரப்பரோடு வந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். "பசங்க தப்பு பண்ணினா இதைத்தான் கொடுப்பேன். அழிங்க."

மண்டியிட்டு அழித்தார். அழிந்தது! போர்வையை உருவுவதற்கும் பெரிய மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

மாமனார் இறங்கினார். நேராகக் காரிடம் போனார். பானெட்டைப் பார்த்தார். கூரையைத் தடவினார். முன்கதவுக்கு எதிரே வந்து, குனிந்து, கைப்பிடிக்குக் கீழே உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை வாக்ஸ் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ம்," என்று நிமிர்ந்தார் மாமனார். கண்ணில் ஒரு பளபளப்பு. "உங்களை என்னமோன்னு நினைச்சேன் மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒரு பொருளைக் கொடுத்தா..."

அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்பது சின்ன மாப்பிள்ளையின் காதில் விழவில்லை. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த அந்த முதல் பாதியே போதுமாக இருந்தது. மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடைசல் என்ற பெயர் அன்றோடு ஒழிந்தது என்று இருவருக்கும் தோன்றியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தார்கள்.

கிளம்பும் முன் மாமனார் வழக்கம்போல் சக்கரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்சக்கரத்தில் காற்று குறைவு என்று தோன்றியிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து டயருக்குக் குறி போடும் வெள்ளை மெழுகுக் குச்சியை எடுத்து, டயரில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, கையசைத்துவிட்டுப் போனார்.

சின்ன மாப்பிள்ளை வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். உடம்பில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் வலித்தது. மனசு மட்டும் பஞ்சு மாதிரி இருந்தது.

பெரிய மாப்பிள்ளை தன் காரில் ஏறியவர், கண்ணாடியை இறக்கி, வீங்கிப்போன அந்த விரல்களை அனுதாபத்தோடு பார்த்தார்.

"வெந்நீர்ல கொஞ்ச நேரம் கையை வைங்க சகல, சரியாயிடும். போன வருஷம் எனக்கு டிக்கி மேல கோடு போட்டு வச்சிருந்தாரு. உங்களுக்கு எந்தப் பக்கம்?"