சாய மறுத்த கோபுரம்

வெள்ளை வெளேரென்று, உருண்டு திரண்டு, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்போல விறைப்பாக நின்றது கோபுரம். அதைப் பார்த்ததும் புது மேனேஜர் கொத்தனாரைத் தேடி ஓடினார்.

“யோவ் கொத்தனாரே! இதை யாருய்யா நிமிர்த்தி வச்சது?”

“நான் வரும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு. நல்லா நேராத்தானே நிக்குது?”

“நேரா நிக்குறதுதான்யா தப்பு! பைசா கோபுரம்னா சாய்ஞ்சு நிக்கணும். அந்தக் கோணலைப் பார்க்கத்தான் உலகமே போகுது!”

“நான் கோணலாக் கட்டினா கூலியைப் பிடிக்கிறாங்க. அங்க டிக்கெட் போட்டுக் காட்டுறாங்களா?”

அன்று மாலை உலக அதிசயப் பூங்காவுக்குத் திறப்பு விழா. பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், நயாகரா எல்லாம் உடம்பைச் சுருக்கிக்கொண்டு தயாராக இருந்தன. மேனேஜர் வேலைக்குச் சேர்ந்ததோ நேற்றுதான். விழா ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாமனாரின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடும் பழைய உத்தியோகம்தான்.

“எங்க சுத்தினாலும் ஆணிக்குத்தான் வருவீங்க மாப்பிள்ளை” என்று வாழ்த்தித்தான் அனுப்பியிருந்தார் மாமனார்.

“ஒரு பக்கமா அடியில தோண்டுய்யா. தானாச் சாயும்” என்று கொத்தனாரிடம் கடப்பாரையை நீட்டினார் மேனேஜர்.

கடப்பாரை எதன்மீதோ பட்டு ‘டங்’ என்றது. மறுகணம் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. எதிரே கொட்டிக்கொண்டிருந்த நயாகரா சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பிரமிடைச் சுற்றியிருந்த பாலைவனம் குளமாகியது. பொம்மை ஒட்டகம் ஒன்று மிதந்து வந்து மேனேஜரின் காலை முட்டியது.

“அடைய்யா அதை!”

கொத்தனார் நான்கைந்து சாக்குகளைத் திணித்தார். அங்கே அடைபட்ட தண்ணீர் மண்ணுக்குள்ளேயே வழி தேடிக்கொண்டு பெருஞ்சுவருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. சுவரின் நடுப்பகுதி மெல்ல உட்கார்ந்தது.

“சார், சீனா உக்காந்துடுச்சு.”

“வாசல்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம். நீ கோபுரத்தைக் கவனி!”

கோபுரம் இம்மியும் அசையவில்லை. கடைசியில் அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் புல்வெளி டிராக்டரில் மாட்டினார்கள்.

கொத்தனார் கோபுரத்தில் காதை வைத்துப் பார்த்தார். “உள்ள என்னமோ சலக் சலக்குங்குது சார்.”

“அதிசயம்னா அப்படித்தான் ஏதாவது சத்தம் போடும். வண்டியை எடு!”

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியம்மா! பூங்காவைப் பணம் கொடுத்து வாங்கியதோடு சரி, இதுவரை உள்ளே காலடி வைத்ததில்லை. அவருக்குப் பின்னால் குழந்தை குட்டிகளோடு பெருங்கூட்டம்.

டிராக்டர் உறுமியது. கோபுரம் முனகியபடி சாய்ந்து, நயாகராவின் பாறைமேல் தலையை வைத்துக்கொண்டது. அதன் உச்சி மூடி பறந்தது. உள்ளேயிருந்த தண்ணீரெல்லாம் பாறைமேல் திமுதிமுவென்று கொட்ட, வறண்டு கிடந்த நயாகரா இடிமுழக்கத்தோடு உயிர்பெற்றது. வெள்ளம் பெருஞ்சுவரின் புது வாசலில் புகுந்து, பிரமிடைத் தீவாக்கி ஓடியது. சாரலில் மாலை வெயில் பட்டு ஒரு வானவில் வேறு!

கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. அடுத்து எழுந்த கைதட்டலில் பறவைகள் மரத்தைவிட்டுக் கிளம்பின.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “சாய்ஞ்ச கோபுரத்துலேருந்து அருவியா! உலகத்துல எங்கேயும் இல்லாத அதிசயம்யா இது! யாரோட யோசனை?”

“என்னுதுதாம்மா” என்றார் கழுத்துவரை சேறாக இருந்த மேனேஜர்.

கொத்தனார் இருமினார்.

“எங்க ரெண்டு பேரோடதும்மா.”

“ரெண்டு பேருக்கும் இன்னையிலேருந்து வேலை நிரந்தரம்! தினம் சாயங்காலம் இதே மாதிரி நடக்கணும்!”

மேனேஜர் ஒதுங்கிப் போய்ச் செல்போனை எடுத்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “மாமா! ஆணிக்கு வேற ஆளைப் பாருங்க. உலக அதிசயத்தையே என் கையால சாய்ச்சுட்டேன்!”

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால், ஒரு லாரி டிரைவர்.

“சார், பைசா கோபுரம் கொண்டாந்திருக்கேன். வெள்ளையா, நேரா நிக்குற தண்ணி டேங்க்குக்குப் பக்கத்துல இறக்கச் சொன்னாங்க. அந்த டேங்க் எங்க சார்?”