எண்ணூறு சிசியின் தாகம்

"நிரம்பிடுச்சு சார்" என்று பெட்ரோல் பங்க் பெண்மணி மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"நிரம்பல. உள்ள காத்து நிக்குது. ஒரு நிமிஷம்" என்று காரை விட்டு இறங்கிய மில்லிகிராம், அதன் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, தூங்காத குழந்தையின் தொட்டிலை ஆட்டுவது போல ஆட்டினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இப்ப ஊத்துங்க."

இரண்டு சொட்டு உள்ளே போனது. மிச்சம் அவர் ஷூவில் வழிந்தது.

மில்லிகிராம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தராசில் வைத்தார் என்றால், அந்தப் பகுதியில் நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டாள் என்று எழுத வேண்டும். அவள் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன.

கார் அவளுடையது. எண்ணூறு சிசி. அவள் கொஞ்சம் பெரிதாகக் கேட்டபோது, கடை கடையாக ஏறி இறங்கி, எந்த வண்டியின் இன்ஜின் எத்தனை சிசி, அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றெல்லாம் வகுத்துப் பெருக்கி, இதைத்தான் வாங்கியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்.

"இன்ஜின் சின்னதாக ஆக, பெட்ரோலும் கம்மியா குடிக்கும். சிம்பிள் கணக்கு" என்றார்.

"அப்ப இன்ஜினே இல்லாத வண்டி ஒண்ணு பாருங்களேன், செலவே இருக்காது" என்றாள் அவள். ஆனாலும் அந்த வண்டியில்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தாள். லிட்டருக்கு இருபது கொடுத்தது. மில்லிகிராமுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் கருமாதி என்று பார்க்காமல் எல்லோரிடமும் அந்த இருபதைச் சொன்னார்.

இப்போது அதே வண்டியை அவர் ஓட்டுகிறார். பன்னிரண்டுதான் கொடுக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு?"

"பன்னெண்டு, மாமா."

"என்னுது பதினொண்ணு. ஆனா என்னுது ரெண்டாயிரம் சிசி, மாப்பிள்ளை. யானை ஒரு படி சாப்பிட்டா நியாயம் இருக்கு. உங்க எலி எதுக்கு ஒரு படி சாப்பிடுது?"

மாமனார் காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பாதி ஊருக்கு பிரேக் எது, கிளட்ச் எது என்று சொல்லிக் கொடுத்தவர். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் கப்பல் போன்ற காரில் வந்து இறங்கினார். எல்லாம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. போங்கள் என்று மில்லிகிராம் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெரிய காரும் சின்ன காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மேலே மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மைலேஜ் பேசினார்கள்.

வேறு எதைப் பேசினாலும் அது அவளிடம் போய் முடிந்தது. உப்பைப் பற்றிப் பேசினால் அவள் போடும் உப்பு வந்தது. மழையைப் பற்றிப் பேசினால் அவள் துணி எடுக்க ஓடியது வந்தது. மைலேஜ் ஒன்றுதான் பத்திரமான பேச்சாக இருந்தது. காரியம் முடிந்த நாளிலிருந்து ஒருவர் எதிரில் ஒருவர் அழவில்லை. அவர் கல்லுப்போல இருக்கிறாரே, நாம் உடைந்தால் என்ன நினைப்பார் என்று மில்லிகிராம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாமனார் வாய் தவறி, "என் பொண்ணு கையில இருபது குடுத்துச்சு" என்றார்.

சொன்ன பிறகு இருவரும் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு மாமனார் எழுந்து, "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கீழே போய்விட்டார். அது அவர் வழக்கம். சாயங்காலம் ஆனால் நடை. மில்லிகிராம் சமையலறைக்குள் போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார்; அதன் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. சாதம் வைத்து ஒரு குழம்பையும் கொதிக்கவிட்டு முடிப்பதற்குள் அவர் திரும்பி வந்து, முகத்தை நெடுநேரம் கழுவுவார்.

அந்த ஒரு வார்த்தை மில்லிகிராமைக் குடைந்தது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர்கள் சொன்ன எந்தக் கணக்கும் அவருக்குப் பிடிபடவில்லை. அவள் விட்டுப்போன வண்டியையாவது அவள் வைத்திருந்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாமா? அவள் தொட்டால் இருபது, தான் தொட்டால் பன்னிரண்டு என்றால், அந்த வண்டிகூடத் தன்னை வேண்டாம் என்கிறதா? எப்பாடுபட்டாவது இருபதைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் மாமனாரிடமே பாடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கிளட்ச்சு மேல எதுக்குக் கால வச்சிருக்கீங்க? அது என்ன கால் வைக்கிற பலகையா?"

"வைக்கல மாமா."

"வச்சீங்க. ஆக்சிலேட்டர மெதுவா அமுக்குங்க. கீழ முட்டை இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

மில்லிகிராம் முட்டை இருப்பதாக நினைத்து ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து வழி கேட்டு முந்திக்கொண்டு போனார். காய்கறிக்காரர் தள்ளுவண்டியோடு கூடவே நடந்து வந்து, விலை சொல்லி, ஒரு கட்டு கீரையை ஜன்னல் வழியாக விற்றும் விட்டார். அடுத்த தடவை தொட்டியை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது பதினொன்று வந்தது.

"ரெண்டு வண்டியும் ஒண்ணாயிடுச்சு" என்றார் மாமனார். குரலில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அடுத்து மெக்கானிக். அவர் பானட்டைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். ஏர் ஃபில்டர் மாற்றினார். பிளக் மாற்றினார். டயரில் காற்றைக் கூட்டினார். ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொன்னார். மில்லிகிராம் அதை ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏசிய விட்டுட்டாரா?" என்றார் மாமனார். "அதுல சுத்தமா கேஸ் இல்ல. கம்ப்ரசர் சும்மா கிடந்து இழுக்குது. அதான் குடிக்குது. முதல்ல அதச் சரி பண்ணுங்க."

"நான் ஏசியே போடறதில்லயே மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும், கேஸ் இல்லன்னு?"

"முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தியிருக்கேன். பார்த்தாத் தெரியாதா?"

ஏசிக்கு கேஸ் போட்டாயிற்று. உள்ளே உட்கார்ந்தால் குளுகுளு என்று இருந்தது. மைலேஜ் ஒன்பதரைக்கு இறங்கியது.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். யாரோ பெட்ரோல உறிஞ்சறாங்க" என்றார் மெக்கானிக், தன் வேலையின் மேல் பழி வராமல்.

மில்லிகிராம் பெட்ரோல் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கீழ்த்தளத்து வாட்ச்மேனிடம் போனார். வாட்ச்மேன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனிதர். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

"ராத்திரி பகல்னு இல்லாம என் வண்டிய பாத்துக்கணும். யாராவது பெட்ரோல் திருடறாங்களா?"

"இல்ல சார்."

"குழாய், கேன் எதையாவது எடுத்துக்கிட்டு யாராவது வந்தாங்களா?"

"இல்ல சார்."

"அந்நிய ஆளுங்க யாராவது வண்டி பக்கத்துல வந்தாங்களா?"

"அந்நிய ஆளா? யாரும் வரல சார்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பாரோ என்பது போல வாட்ச்மேன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மில்லிகிராம் நன்றி சொல்லிவிட்டு மேலே போனார்.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் பாக்கி. வண்டியை எடுக்காமலே விட்டுவிடுவது. காலையில் கார் சாவியை அது எப்போதும் தொங்கும் வாசல் பக்கத்து ஆணியிலேயே விட்டுவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைத்தெரு வரை போய் வந்தார். ஓய்வெடுத்தால் மனிதனே தேறுகிறான், ஒரு இன்ஜின் தேறாதா என்று நம்பினார்.

ஆறு கொடுத்தது.

"ஆறா?" மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சார், மண்ணு லாரியே ஆறு குடுக்கும். ஓட்டினா ஒன்பது, ஓட்டாட்டி ஆறு. நின்ன இடத்துலயே குடிக்குதா?"

வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தர் சின்ன வண்டி தேடறார். பேசாம தள்ளி விட்டுடுங்க."

மில்லிகிராம் அன்று பஸ்ஸில் போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "என்னால முடியலடி" என்று காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார். வாய்விட்டு அழ ஆசையாக இருந்தது. வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பல் டாக்டருக்குப் போன் செய்தார்.

ராத்திரி சாப்பிடும்போது மாமனாரிடம் சொன்னார்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன், மாமா. நாளைக்கு வந்து எடுத்துக்கறாங்க."

மாமனார் எலி, யானை என்று எதுவும் பேசவில்லை. பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டலாமே" என்றார்.

"காட்டி? எண்ணூறு சிசி, ஆறு குடுக்குது. உங்களுது ரெண்டாயிரம், பதினொண்ணு. நீங்கதான தினமும் சொல்லிச் சொல்லிக் காட்டினீங்க? அவ கையில இருபது குடுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க? அது என்கிட்ட இருக்க விரும்பல மாமா. போகட்டும்."

இத்தனை நாளில் அவர் மாமனாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று மாமனார் தட்டோடு எழுந்து போய்க் கையைக் கழுவினார். சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் பல் டாக்டர் வருவதற்கு முன்பே மாமனார் தன் பெரிய காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். எங்கே என்று கேட்க மில்லிகிராமுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சிரித்த முகமாக வந்தார். எதைப் பார்த்தாலும் பல்லைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"ஆறு."

டாக்டர் பெரிதாகச் சிரித்தார். விற்கிற வண்டியைப் பற்றி இப்படி யாராவது உண்மை சொல்வார்களா? வேடிக்கை மனிதர் என்று நினைத்து, மில்லிகிராமின் முதுகில் தட்டிக் கொடுத்தார். மில்லிகிராம் பெட்ரோல் மூடியின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கார் சாவியையும் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது விரல்கள் உடனே விடவில்லை. டாக்டர் மெதுவாக இழுத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்ஜின் ஓடத் தொடங்கியது. சின்ன இன்ஜினுக்கே உரிய அந்த மெல்லிய சத்தம். முன்பெல்லாம் மாடிக்கு அது கேட்டால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம், இவர் போய்க் கதவைத் திறந்து வைப்பார். மில்லிகிராம் திரும்பி நின்றுகொண்டார்.

வண்டி நகர்ந்து வாசல் வரை போய் நின்றுவிட்டது. டாக்டர் ஹாரன் அடித்தார். கேட் திறக்கவில்லை. வாட்ச்மேன் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"திறங்க, அவர் போகட்டும். நான் வித்துட்டேன்" என்றார் மில்லிகிராம்.

வாட்ச்மேன் திறக்கவில்லை. யாரும் கேட்காமல் அந்த மனிதர் வாயைத் திறந்தது அன்றுதான்.

"பொண்ணோட இந்த வண்டியும் போயிடுச்சுன்னா, தினமும் சாயங்காலம் இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடிய ஏத்தி, ஏசிய போட்டுக்கிட்டு, வெளிய சத்தம் கேக்காம பெரியவர் இனிமே எங்க சார் உக்காந்து அழுவாரு?"