கர்ஜனையும் சரியில்லாத மைக்கும்

மைக் என்ற சாமானை மனுசன் எதற்குக் கண்டுபிடித்தான் என்று கேட்டால், பாடுவதற்கு என்பீர்கள். எங்கள் வில்லாபுரம் கர்ஜனையை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் அப்படிச் சொல்கிறீர்கள். மைக்கைக் கண்டுபிடித்தது பழி போடுவதற்கு. இத்தனை வருசத்தில் கர்ஜனையின் தொண்டை ஒரு தப்பும் செய்ததில்லை. செய்த தப்பெல்லாம் மைக் செய்தது.

கர்ஜனை என்பது வீட்டில் வைத்த பேர் இல்லை. வாலிபத்தில் கரண்ட்டு கிட்டாரை மாட்டிக்கொண்டு ராக் பாட்டுப் பாட ஆரம்பித்தபோது, போஸ்டரில் அவனே அப்படிப் போட்டுக்கொண்டான். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆகையால் புதுப் போஸ்டர் வந்தால் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவான். காலையில் ‘மதுரையின் கர்ஜனை’ என்று படிப்பான். சாயங்காலம் அதே போஸ்டரில் ‘தென்னாட்டின் கர்ஜனை’ என்றிருக்கும். மறுநாள் அதில் சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்திருக்கும். படிக்காதவளுக்குப் படித்துக் காட்டுவதில் அவனுக்கு அவ்வளவு தாராள மனசு.

அவன் போட்டுக்கொள்ளும் தோல் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழியிலேயே முதுகு நனைகிற ஊரில், சித்திரையிலும் கறுப்புத் தோல் கோட்டு. அதைக் கழற்றிக் கொடியில் போட்டால் கீழே ஒரு வாளி வைக்கலாம். தலைமுடியைக் குதிரைவால் போட்டிருப்பான். முன்பக்கம் முடி போய் வெகுநாளாகிவிட்டது. குதிரை போய்விட்டது, வால் மட்டும் இருக்கிறது என்று என் மருமகள் சொல்லுவாள்.

அவனிடம் இருந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குத் தொடுகறி. ‘வைகையே வா’ என்று அவனே கட்டிய பாட்டு. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று ஆற்றையே கூப்பிட்டு வைகிற பாட்டு. அதன் கடைசியில் ‘வா’ என்று ஒரு கத்தல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தக் காலத்தில் அவன் அந்தப் பக்கம் ‘வா’வை ஆரம்பித்தால், நான் இந்தப் பக்கம் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய், வரிசையில் நின்று, ஒருத்தியோடு சண்டையும் போட்டு, நிறைகுடத்தோடு திரும்பி வருவேன். ‘வா’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வைகை ஒருநாளும் வந்ததில்லை. தெருநாய்கள் தவறாமல் வரும்.

ஐம்பதைத் தாண்டியதும் குடம் அரைக்குடமானது. அறுபதில் ஒரு செம்பு. அதற்குப் பிறகு ஒரு மடக்கு.

கீபோர்டு வாசிக்கிற குமரேசன் நல்ல பிள்ளை. கர்ஜனைக்குத் தெரியாமல் வருசத்துக்கு ஒரு தடவை ஏதோ பட்டனை அழுத்திச் சுருதியை அரைக்கட்டை இறக்கிவிடுவான். எங்கள் தெருவில் போர்வெல்லும் கர்ஜனையின் பாட்டும் ஒன்றாகத்தான் கீழே போயின. நாற்பது வருசமாக ஒரே சுருதியில் பாடுகிற ஆம்பிளை இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று கர்ஜனை பெருமை பேசும்போது, குமரேசன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கத்தலை மட்டும் எந்தப் பட்டனாலும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குக் கர்ஜனையே ஒரு வழி கண்டுபிடித்தான். ‘வா’ வரவேண்டிய இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். அவன் வயசு ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களே கத்திவிடுவார்கள். பிறகு அவர்களுக்கும் வயசானது. மூட்டுவலிக்காரர்கள் கச்சேரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு மேடை. பேரையூர்ப் பக்கம் என் பிறந்த ஊர் முளைப்பாரித் திருவிழா. அங்கே என் தம்பி முத்துதான் கமிட்டித் தலைவன். வருசா வருசம் கர்ஜனையைக் கூப்பிடச் சொல்லி அவன் உயிரை எடுப்பது நான்தான். மூன்று வருசத்துக்கு முன்னால் முத்து போனில் கூப்பிட்டான்.

“எக்கா, போன வருசம் ஒன் ஆளு கத்துற எடத்துல இருமுனாப்ல. பயலுக அத செல்போன்ல போட்டுச் சிரிக்கிறாய்ங்க. இந்த வருசமும் கத்தல் வரலைன்னா அடுத்த வருசம் டிஜேதான். பெறகு என்னையக் கொற சொல்லாத.”

அதை நான் கர்ஜனையிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாளே சிம்மக்கல் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தான். கடைக்காரர் இது பிள்ளை பெற்ற வீட்டுக்கா என்று கேட்டாராம். வீடே கசாய வாடை. அது போதாதென்று, தொண்டையைக் காப்பாற்ற மூன்று நாள் மௌனம். ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிக் காட்டினான்.

யாரிடம் காட்டினான்? என்னிடம். முதல் நாள் காலையில் சுவருக்கு மேலே சிலேட்டைத் தூக்கிப் பிடித்தான். எனக்கு அது கோழி கிண்டியது மாதிரி இருந்தது. என்ன தம்பி, என்ன தம்பி என்று நானும் கேட்கிறேன், அவன் சிலேட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறான். கடைசியில் பொறுக்க மாட்டாமல் தெருவே கேட்கிற மாதிரி, “மௌன விரதம், பேசக்கூடாதுன்னு எழுதியிருக்குக்கா,” என்று கத்தினான். மூன்று நாளில் அவன் பேசியது அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நடந்தது.

திருவிழாவுக்கு வேனில் போனோம். பாட்டுக்காரர்கள் பின்னால், நானும் அவனும் முன்னால். திருமங்கலம் தாண்டியதும் சிலேட்டை எடுத்து எழுதினான். இந்தத் தடவை நிறைய எழுதினான், இரண்டு பக்கமும். எழுதி முடித்து என்னிடம் நீட்டினான். நான், “வாசிச்சுக் காட்டு தம்பி,” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், சிலேட்டைப் பார்த்தான், உள்ளங்கையால் அழித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எழுத்துத் தெரியவில்லையே என்று என் வாழ்நாளில் நான் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கண்மாய்க்கரையில் மேடை. பொழுது சாய்கிற நேரம். முளைப்பாரி கரைத்துவிட்டு வந்த பொம்பளைகள் எல்லாம் ஈரச் சேலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பின்னால் பயல்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருமலுக்காகக் காத்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் முத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் டிஜே ஆள் ஒருத்தன், அடுத்த வருசம் பெட்டியை எங்கே அடுக்கலாம் என்று காலடி வைத்து அளந்துகொண்டிருந்தான். வெட்கம் கெட்டவன்.

தொடுகறி எல்லாம் முடிந்து ‘வைகையே வா’ வந்தது. கத்தல் வருகிற இடத்தில் கர்ஜனை கால்களை அகட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தான். ஈர விறகை ஊதுகிற சத்தம் வந்தது. மைக்கைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு தட்டுத் தட்டினான். மைக் பாவம், கணீரென்று ‘டொக் டொக்’ என்றது. பிறகு கூட்டத்தைப் பார்த்து நீட்டினான்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. டிரம்ஸ்காரர் அடித்த அடியையே திரும்பத் திரும்ப அடித்தார். எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. கர்ஜனை மைக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். முத்து டிஜேக்காரன் பக்கம் திரும்பினான்.

நான் யோசித்துச் செய்யவில்லை. நாக்கு தானாகச் சுழன்றது. குலவை போட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒருத்தி குலவை போட்டால் மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாள், அது சாமி குற்றம். என் தம்பி பெண்டாட்டி பிடித்தாள், அவள் பக்கத்தில் இருந்தவள் பிடித்தாள், அடுத்த மூச்சில் கரையில் இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் போட்டோம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. கர்ஜனை கண்ணை மூடி, மைக்கை நீட்டியபடி, அத்தனையும் தன் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி நின்றான். நாங்கள் ஓய்ந்ததும், தன் அடித்தொண்டையில் ‘வைகையே’ என்று மெள்ள எடுத்தான். இளவட்டத்தில் அவனுக்கு அந்தக் குரல் கிடையாது. ஆழத்தில் கிடந்த தண்ணீர் ஊறி மேலே வருகிற மாதிரி இருந்தது. பயல்கள் செல்போனை இறக்கிவிட்டார்கள்.

முத்து என்னிடம் வந்தான். “எக்கா, கத்துனதுக்கு இது எம்புட்டோ தேவல. அடுத்த வருசமும் வரச் சொல்லு,” என்றான். டிஜேக்காரன் அளந்ததெல்லாம் வீண்.

கர்ஜனை நன்றி சொன்னான் என்றா நினைக்கிறீர்கள்? வேனில் ஏறியதும் கோட்டைக் கழற்றியபடி, “பாத்தீங்களாக்கா, ஆடியன்ஸக் கொண்டுபோயி எங்க நிறுத்துனேன்னு? மைக்கு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நானே கத்தியிருப்பேன்,” என்றான். ஆமாம் தம்பி, நாங்களெல்லாம் உன் கையில் இருந்த பொம்மைகள்தானே என்றேன். அடக்கத்தோடு தலையாட்டினான்.

அடுத்த போஸ்டரை வாசலில் வைத்து வாசித்தபோது, “வில்லாபுரம் அக்கா குழுவினரின் குலவையுடன்,” என்று ஒரு வரி வந்தது. எனக்கா தெரியாது இவன் வாசிப்பு? மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நிஜமாகவே இருந்தது. அவன் பேரில் நாலில் ஒரு பங்கு எழுத்தில், மூலையில். இருந்தாலும் இருந்தது.

இந்த வருசம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாசியில் எனக்கு நெஞ்சுச்சளி கட்டி, அது போகும்போது என் மூச்சில் பாதியைக் கூடவே கொண்டுபோய்விட்டது. வாயில் புதுசாகக் கட்டிய பல் வேறு. இப்போதெல்லாம் ஊரில் குலவையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பிடிப்பார்கள், நான் விட்டால் அவர்களும் விட்டுவிடுவார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்தேன், அவன் மைக்கை நீட்டினான், நான் எடுத்தேன். பாதியில் நூல் அறுந்த மாதிரி மூச்சு நின்றுபோனது.

போச்சு என்று நான் கண்ணை மூடினேன். அந்த நொடியிலேயே ‘வைகையே’ என்று அவன் குரல் வந்து பிடித்துக்கொண்டது. பாட்டே அப்படித்தான் கட்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கைதட்டல் வேறு.

கச்சேரி முடிந்து நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வேன் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வந்து, பனங்கற்கண்டு ஒன்றை என் கையில் வைத்தான்.

“ஒங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்லக்கா,” என்றான். “மைக்குதான் சரியில்ல.”

ஆமாம் தம்பி, மைக்குதான் என்றேன்.