நட்டவர் நேரில் வரவும்

இதை எனக்கு முழுதாகச் சொன்னது என் மூத்த மருமகன். போன வருடம் மழை விட்ட மறு வாரம், சேறு அப்பிய காலோடு வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆறவிட்டுச் சொன்னார். அவர் வன அலுவலகத்தில் பூச்சி எண்ணுகிறவர். பொய் சொல்ல வராது. அதனால்தான் இன்னும் பூச்சி எண்ணுகிறார்.

மரமெல்லாம் போய் மொட்டையாகிவிட்ட மலையடிவாரத்தில், அலுவலகம் மூன்று இடங்களில் மறுபடி காடு வளர்க்கத் தீர்மானித்திருந்தது. முதல் இடத்தில் ஒரே வகை மரம், நூல் பிடித்தாற்போல் வரிசை. கீழே ஒரு புல் முளைக்காது, தினமும் பெருக்குகிறார்கள். அதிகாரி பெயர் பொறித்த கல்லும் உண்டு. இரண்டாவதில் பத்து வகை மரங்களைக் கலந்து நட்டார்கள். மூன்றாவதுக்குக் கன்று ஏற்றிய லாரி பாதி வழியில் பழுதாகி நின்றது. அதோடு, கோப்புகூடத் திறக்காமல் எல்லோரும் மறந்துவிட்டார்கள்; மழை மட்டும் மறக்கவில்லை. எட்டு வருடத்தில் அங்கே முள்ளும் கொடியும் பூவும் பட்டுப்போன கட்டையுமாகத் தானாகவே ஒரு காடு எழுந்து நின்றது.

இந்நிலையில் மேலிடத்து ஆணை வந்தது. தேனீயும் குளவியும் எங்கே அதிகமோ, அதுவே முன்மாதிரிக் காடு.

மருமகன் ஒரு மாதம் எண்ணிக் கணக்கைக் கொடுத்தார்.

"முதல் இடத்துல மூணா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். அதுலயும் ஒண்ணு வழி தவறி வந்தது."

"ரெண்டாவதுல தொண்ணூறு, சரி. மூணாவதுல ஆயிரத்துக்கு மேலயா? அந்த இடத்துக்குக் கோப்பே கிடையாதேய்யா."

"கோப்பு இல்ல சார். தேனீ இருக்கு."

"கோப்பு இல்லாத இடத்துல இருந்தா அது தேனீ இல்ல, வதந்தி."

அதிகாரி கெட்டவர் இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வரும் திங்கட்கிழமை இயந்திரத்தை விட்டு மூன்றாம் இடத்தை வழித்துவிட்டால், போக்கிடம் இல்லாத பூச்சிகள் முதல் இடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்?

"வீடு இடிஞ்சா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதில்லையா?"

"அந்த வீட்டுல அடுப்பே எரியலையே சார். பூ இல்ல, கூடு கட்ட ஒரு பொந்துகூட இல்ல."

"வந்தா பழகிக்கும்."

காட்டை வழிக்கப் போவதை மட்டும் மருமகன் அன்றே என்னிடம் போனில் சொல்லியிருந்தார். என் பிரார்த்தனையில் பிள்ளைகளுக்கு அடுத்து அந்த முள்காட்டைச் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை அவர் போய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், கோப்பு இல்லாத காட்டை எப்படி வெட்டுறது?"

அதிகாரி நெற்றியைத் தடவினார். விதி விதிதான். இயந்திரம் திருப்பி அனுப்பப்பட்டது, கோப்பு திறக்கப்பட்டது. படிவத்தில் முதல் கேள்வி, 'நட்டவர் யார்?' யாருமில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை. ஆகவே அனுமதியின்றிக் காடு நட்ட அந்த நபர் நேரில் வந்து விளக்கம் தரும்படி அறிவிப்புத் தாள் ஒன்று அடிக்கப்பட்டு, மூன்றாம் இடத்து மரத்தில் நான்கு ஆணியால் அறையப்பட்டது. முப்பது நாளில் யாரும் அதைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் காட்டை வழிக்கலாம். பெற்றுக்கொண்டால், பதில் வரும்வரை கை வைக்கக்கூடாது.

முப்பதாம் நாள் அதிகாரியே நேரில் போனார். மரத்தில் நான்கு ஆணி மட்டும் இருந்தது.

"தாளை யார் எடுத்தது?"

மருமகன் மேலே கை காட்டினார். கிளையில் சாம்பல் நிறத்தில் ஒரு கூடு. நடுவே அலுவலக முத்திரையின் ஊதா மை கோடாக ஓடியது.

"குளவி சார். சுரண்டி மென்னு கூடு கட்டிடுச்சு."

அதிகாரி தள்ளி நின்று பேனாவை எடுத்தார். "அறிவிப்பு உரியவர் தரப்பில் பெற்றுக்கொள்ளப்பட்டது. பதில் எதிர்நோக்கப்படுகிறது."

இன்றுவரை எதிர்நோக்கப்படுகிறது. நட்டவர் யாரென்று எனக்குத் தெரியும், தினமும் விடியற்காலைப் பிரார்த்தனையில் அவரோடு பேசுகிறவள்தானே நான். ஆனால் அவர் அலுவலக வரிசையில் வந்து நிற்கிற ஆள் இல்லை. விசாரணையில் இருக்கும் காட்டைக் கணக்கில் சேர்க்க விதி இல்லாததாலும், இரண்டாம் இடம் புகைப்படத்தில் கலைந்த தலைபோல் தெரிந்ததாலும், முன்மாதிரிக் காடு என்ற பட்டம் மூன்று பூச்சி உள்ள முதல் இடத்துக்கே போனது.

இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். மருமகன் சிரிக்கவில்லை. நான் பிரார்த்தனை செய்யும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வெள்ளை அடித்து, பிளாஸ்டிக் கொடி தொங்கவிட்டு, மூலையில் இருந்த குளவி மண்கூட்டை முந்தின வாரம்தான் கரண்டியால் பெயர்த்திருந்தேன். வந்தவர்களெல்லாம் அழகு என்றார்கள்.

"அத்தை, இங்க எண்ணினா அந்த மூணுகூட வராது," என்றார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஜன்னலில் குளவி மண்கூடு கட்டினால், குஞ்சு வெளியே வரும்வரை, ஒரு மாதம் தட்டாமல் விட்டுவையுங்கள்.