செல்லாது சாரின் அபராதச் சீட்டு

வேகமாக வண்டி ஓட்டி மாட்டிக்கொள்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் அசடு வழிந்துகொண்டே அபராதத்தைக் கட்டிவிட்டு, வீட்டில் மூச்சு விடாமல் இருந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இரண்டாம் வகையினர் சீட்டை வாங்கிய கையோடு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் பிழை தேடுவார்கள். இன்றைக்கு நம்மிடம் அகப்பட்டிருப்பவர் இந்த இரண்டாம் வகை. எங்கள் தெருவில் அவருக்குச் செல்லாது சார் என்று பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. தண்ணீர் வரி ரசீது, மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம் என்று எதை நீட்டினாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து, முத்திரை சாய்ந்திருக்கிறதா, தேதி விட்டுப்போயிருக்கிறதா என்று விரலை வைத்து வரிவரியாகத் தடவி, கடைசியில் மூக்கைச் சுருக்கி, "இது செல்லாதே" என்பார். மகள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கி வந்தபோது, வகுப்பாசிரியை கையெழுத்தின் கீழே தேதி போடவில்லை என்பதால் அந்த மதிப்பெண்ணே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா மேல் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சரி, இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நினைக்கிறீர்கள்? வக்கீலா? குமாஸ்தாவா? இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஒரே ஒரு கார், ஒரு பெயர்ப் பலகை, வீட்டு முன்னறையில் சுவர் நிறையச் சாலைக் குறிகளின் படம். இதுதான் அந்த ஓட்டுநர் பள்ளி. முன்னறையில் பாடம் நடத்துவதும் வகுப்பு நோட்டு எழுதுவதும் அவர் மனைவி. தெருவில் ஓட்டக் கற்றுக்கொடுப்பது இவர். "மெதுவா, மெதுவா" என்று நாளுக்கு இருநூறு தடவை சொல்கிற அந்த வாயோடுதான் ஒரு நாள் காலை, முதல் மாணவரிடம் போய்ச் சேர நேரமாகிவிட்டது என்று, பள்ளிக்கூடத்தை ஒட்டிய சாலையில் ஐம்பத்தெட்டில் பறந்தார். வேகம் அளக்கிற கருவியோடு அங்கே நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐம்பதில் போக வேண்டிய சாலையில் ஐம்பத்தெட்டில் போனார். சின்ன அபராதம். பதினைந்து நாளுக்குள் கட்டினால் லைசென்ஸில் ஒரு கீறல்கூட விழாது. வேறு யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். நம்மவர் அங்கேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

காரின் நிறம் வெள்ளை என்று இருந்தது. அது வெறும் வெள்ளையா? முத்து வெள்ளை. வீட்டு எண் பதினான்கு என்று இருந்தது. இவர் வீடு பதினான்கு ஏ. போலீஸ்காரரின் கையெழுத்து தனக்கென்று ஒதுக்கிய கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் கால் நீட்டியிருந்தது.

"சார், கையெழுத்து கட்டத்துக்கு வெளிய போயிருக்கே."

"நீங்க போன வேகத்துக்கு எழுதினேன் சார். கிளம்புங்க."

ஆனால் புதையல் மதியச் சாப்பாட்டின்போதுதான் கிடைத்தது. இவர் பிடிபட்டது காலை எட்டு நாற்பதுக்கு. சீட்டில் பத்து நாற்பது என்று இருந்தது. பரிசு விழுந்தவர் எப்படி எழுந்திருப்பாரோ அப்படிச் சோற்றுக் கையோடு எழுந்தார். ஐம்பத்தெட்டில் போனாரா? போனார். அதை யார் கேட்டார்கள்?

இப்படிப்பட்டவர்கள் அடுத்துச் செய்வது என்ன? சட்ட ஆலோசனை. கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சானிடம் போனார். இருபது வருஷமாகத் தீர்ப்புகளைப் பிரதி எடுத்து எடுத்து, அந்த மச்சானுக்கு மை வாசனையோடு சட்டமும் ஏறிவிட்டதாகக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அவர் சீட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "ஒரு இடத்துல தப்புன்னா மொத்தமும் காலி மாமா" என்றார்.

வீட்டில் மனைவிக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை.

"என்னங்க, வேகமாப் போனீங்களா இல்லையா?"

"அது கேள்வியே இல்ல."

"அப்ப எதுதாங்க கேள்வி?"

"சீட்டு செல்லுமா செல்லாதா, அதான் கேள்வி."

"கட்டிட்டு வந்துடுங்களேன். லைசென்ஸுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம ஸ்கூலையே மூடணும். எனக்குப் பயமா இருக்குங்க."

பயப்படுகிறவர்கள் சட்டம் தெரியாதவர்கள் என்று மனைவிக்கு விளக்கம் கிடைத்தது.

நம்மவர் ஏழு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். நேரத்தைப் பற்றி மட்டுமே ஐந்து பக்கம். பத்து நாற்பதுக்கு மைதானத்தில் ஒரு மருந்துக் கடைக்காரம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்ததற்கு வகுப்பு நோட்டின் நகல், அந்த அம்மாவின் கையெழுத்தோடு. எட்டு நாற்பத்தேழுக்கு, பிடிபட்ட இடத்துக்கு அடுத்த தெருவில் கார் நிறுத்தியதற்கு ரசீது. முக்கியமான இடங்களில் சிவப்பு மையில் அடிக்கோடு. அது போதாது என்று, பிடிபட்ட இடத்திலிருந்து அந்த நிறுத்துமிடம் வரை கையால் வரைந்த வரைபடம் ஒன்று. அதில் மரங்கள்கூட இருந்தன.

விசாரணை நாளன்று அவரும் மனைவியும் போனார்கள், துணைக்கு நானும் போனேன். விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. ஏழு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். தன் எழுத்தை ஒருவர் கடைசி வரை படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பதால் நம்மவர் கண் கலங்கிவிட்டது.

"பத்து நாப்பதுக்கு நீங்க அந்த ரோட்டுல இல்ல."

"இல்லவே இல்ல மேடம்."

"எட்டு நாப்பதுக்கு இருந்தீங்க."

"ஆதாரத்தோட குடுத்திருக்கேன் மேடம்."

"அம்பத்தெட்டுல போனதை நீங்க மறுக்கல."

"மறுக்கல மேடம். என் வாதமே நேரத்தைப் பத்தித்தான்."

அதிகாரி குமாஸ்தா பக்கம் திரும்பினார். "அந்த ரோட்டுல பள்ளிக்கூட நேரம் எப்போ?"

"எட்டுலேருந்து ஒம்பது மேடம். முப்பதுக்கு மேல போகக் கூடாது."

முப்பது என்று வட்டத்துக்குள் எழுதிய அந்தக் குறி நம்மவர் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அதைக் காட்டி அவர் மனைவி எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அதிகாரி பேனாவை எடுத்துச் சீட்டில் பத்தை அடித்து எட்டு என்று போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார்.

"பிழையைத் திருத்தியாச்சு. எடுத்துச் சொன்னதுக்கு நன்றி. இனி இது அபராதத்தோட முடியாது, லைசென்ஸை நிறுத்தி வைக்கணும். ஆணை தபால்ல வரும்."

எட்டு கிலோமீட்டர் கூடுதல் என்று உள்ளே போனவர், இருபத்தெட்டு கிலோமீட்டர் கூடுதல் என்று வெளியே வந்தார். அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. வராண்டா பெஞ்சில் வகுப்பு நோட்டை மடியில் விரித்து, பாதிப் பாடத்தில் நிற்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. மூன்று மாதம். அந்த அம்மா ஓடியாடி, ஓய்வு பெற்ற ஒரு டிரைவிங் மாஸ்டரைப் பிடித்தார். அவர் மூன்று மாதம் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது, மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். போதும், மூன்று மாதம்தானே, பள்ளி பிழைத்துக்கொள்ளும்.

அந்த மாஸ்டரைப் பார்த்துவிட்டு நாங்கள் மூவரும் திரும்பும்போது அந்த அம்மாதான் கார் ஓட்டினார். செல்லாது சார் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை அடிக்கொரு தரம் மிதித்துக்கொண்டே, ஆணையைப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. மூக்கு சுருங்கியது.

"இங்க பாரு. இருபதுக்கு மேல போனா சட்டப்படி ஆறு மாசம். இதுல மூணுன்னு டைப் அடிச்சிருக்காங்க. இது செல்லாதே."

வண்டி நடுத்தெருவில் நின்றது. அவர் மிதித்ததால் இல்லை, அந்த அம்மா மிதித்ததால். பின்னால் வந்த வண்டிகள் அலறின.

"அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க."

கொடுத்தார். அது கைப்பைக்குள் போய்விட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மகள் மேல் சத்தியமும் வாங்கப்பட்டது. இப்போது ஒரு மாதம் ஆகிறது. மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். நேற்று என்னைப் பிடித்துக்கொண்டு, "இருந்தாலும் சார், தப்பு தப்புதானே?" என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அம்மா காகிதத்தை வாங்கிக் கைப்பையில் போட்டபோது, 'அதெப்படி, ஆணையில் பிழை என்றால் எழுதிப் போடத்தானே வேண்டும்' என்று உங்களுக்குள் ஒருவர் லேசாக முனகினாரே, அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இருக்கிற பேனாக்களை இன்றைக்கே உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.